ராத்திரி டொர்னேடோ: வேலூர் சுற்றுவட்டார வாசகர்களின் கேள்வி பதில்

காட்பாடி: சார், 2021 டிசம்பர் 10 இரவு அமெரிக்காவின் மேஃபீல்டு நகரை அழித்த டொர்னேடோ (மேகத்திலிருந்து தரை தொடும் சுழல்காற்று), வெயில் இறங்கியும் வலு குறையாதது எப்படி?

பதில்: அது வெயிலை நம்பி வளரவில்லை. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து தெற்குக் காற்று ஈரத்தை விடாமல் ஏற்றிக்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்தால் தரையோரக் காற்று குளிர்ந்து அடங்கும். தரையின் உராய்வுப் பிடி விடுவதால், சில நூறு மீட்டர் மேலே ஓடும் காற்று வேகமெடுக்கும். உயரம் கூடக்கூட வேகமும் திசையும் மாறினால் காற்று கிடையாக உருளும். மேகத்தின் ஏறுகாற்று அந்த உருளலை நிமிர்த்திச் சுழலாக்கிவிடும். மேஃபீல்டு டொர்னேடோவின் தடம் சுமார் 266 கி.மீ., சுழன்ற காற்றின் வேகம் மணிக்கு 300 கி.மீ.க்கு மேல், இறந்தவர்கள் 57 பேர். இருட்டில் ரேடார்தான் கண். அதன் வேகப் படத்தில் பச்சையும் (ரேடாரை நோக்கி வரும் காற்று) சிவப்பும் (விலகிப் போகும் காற்று) ஒட்டி நிற்கும் இடத்திலேயே, பறப்பவை எவ்வளவு ஒரே மாதிரி என்று காட்டும் ஒத்திசைவு எண் 0.8க்குக் கீழே விழுந்தால், அங்கே பறப்பது மழைத்துளி இல்லை, வீட்டுக் கூரை.

ஆற்காடு: சென்னை ரேடாரில் நம்ம ஊரையும் அப்படிப் பார்க்கலாமா?

பதில்: முடியாது. அரை டிகிரி சாய்வில் கிளம்பும் கதிர் வேலூர் வரும்போது ஏறத்தாழ 2 கி.மீ. உயரத்தில் போகிறது. தரையோரச் சுழற்சி அதற்குக் கீழே.

குடியாத்தம்: சித்திரை ராத்திரிக் காற்று டொர்னேடோவா?

பதில்: பெரும்பாலும் இல்லை. மேகத்தடியில் உலர்ந்த காற்று. மழை அதில் ஆவியாகிறது. குளிர்ந்து கனத்த காற்று தொப்பென்று இறங்கி நாலாபக்கமும் பாய்கிறது. அதுவே தகரக் கூரையைப் பிடுங்கப் போதும். அந்த நேரத்தில் தகர ஷெட்டில் ஒதுங்காதீர்கள்.

ராணிப்பேட்டை: தகடு சுற்றிச் சுற்றிப் பறந்ததைக் கண்ணால் பார்த்தேன் சார். டொர்னேடோதான்.

பதில்: பாயும் காற்றின் விளிம்பிலும் தகடு சுற்றும். விழுந்த மரங்களைப் பாருங்கள்.

ராணிப்பேட்டை: வாழைத்தோப்பில் இரண்டு மரம் எதிரெதிரே சாய்ந்திருக்கிறதே!

பதில்: இரண்டு போதாது. வெட்டி அகற்றும் முன் இருபது மரமாவது, போன் திசைகாட்டியில் நுனி எந்தப் பக்கம் என்று குறியுங்கள். விசிறிபோல் விரிந்தால் இறங்குகாற்று. குறுகிய பட்டையில் இருபுறமிருந்தும் நடுக்கோட்டை நோக்கிச் சாய்ந்திருந்தால் உங்கள் பேச்சை ஒப்புக்கொள்கிறேன். படத்தோடு வாருங்கள்.

ஆம்பூர்: ஜன்னலைத் திறந்து வைத்தால் அழுத்தம் சமமாகுமாமே?

பதில்: உள்ளே புகும் காற்று கூரையைத் தூக்கும். மூடுங்கள்; தகர ஷெட் என்றால் காற்று வரும் முன்னரே, ஓட்டு வீட்டுக்கோ மேல்மாடிக்கோ போகாமல், கான்கிரீட் கூரை போட்ட தரைத்தள அறைக்குப் போங்கள்.

வாணியம்பாடி: வேலூருக்கு டொர்னேடோ வருமா சார்?

பதில்: குடியாத்தத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அரக்கோணம்: இன்று ராத்திரி மழை உண்டா?

பதில்: சாயங்காலத்துக்கு மேல் வானிலை மையத்தின் மூன்று மணி நேர முன்னறிவிப்பைப் பாருங்கள்.