செலவுத்தொகை வேறு, பிள்ளையின் பணம் வேறு

கேள்வி: எட்டு வயது மகளைத் தாயின் பொறுப்பில் விட்ட உயர் நீதிமன்ற உத்தரவை எதிர்த்துப் புத்ராஜெயாவில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனேன். மேல்முறையீடு தள்ளுபடியாகிவிட்டது. முன்னாள் மனைவிக்கு 10,000 வெள்ளி வழக்குச் செலவுத்தொகை கட்ட வேண்டுமாம். மகளுக்கு மாதாமாதம் கொடுக்கும் 800 வெள்ளியில் கழித்துக்கொள்ளலாமா? கட்டாவிட்டால் மகளைப் பார்க்க விடமாட்டார்களா? திவாலாகிவிடுவேனா?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: கழிக்காதீர்கள், தம்பி. அந்த 800 வெள்ளி உங்கள் மகளின் சாப்பாடு, பள்ளி பஸ். செலவுத்தொகை பெரியவர்கள் இருவருக்கும் இடையிலான கடன். ஒரு மாதம் குறைத்தாலும் பராமரிப்பு உத்தரவை மீறியவர் ஆகிவிடுவீர்கள். நாளைக்கு மகளோடு கூடுதல் நேரம் கேட்டுப் போனால், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்.

சந்திப்பு உரிமை தனி உத்தரவு. பணம் பாக்கி என்று சொல்லி அதைத் தடுக்க முடியாது. திவால் பயமும் வேண்டாம். 2021 செப்டம்பரிலிருந்து, கடன் குறைந்தது 100,000 வெள்ளி இருந்தால்தான் திவால் வழக்கே போடலாம். அதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கில் உள்ள பணத்தை எடுக்கவும், பொருள்களை ஜப்தி செய்யவும் முன்னாள் மனைவி நீதிமன்றத்தை நாட முடியும்.

அதனால் நீங்களே முந்திக்கொள்ளுங்கள். மாதம் இவ்வளவு தருகிறேன் என்று வக்கீல் மூலம் கடிதம் அனுப்பி, முதல் தவணையையும் கூடவே கட்டிவிடுங்கள். ரோஷத்தில் பெரிய தொகை சொல்லாதீர்கள், உங்களால் முடிந்ததைச் சொல்லுங்கள். அவர் மறுத்து, 1957ஆம் ஆண்டு கடனாளிகள் சட்டத்தின்படி உங்களை அழைத்தால், நீதிமன்றம் உங்கள் வரவு செலவைப் பார்த்துத் தவணை விதிக்கலாம். சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை, கார் கடன் எல்லாவற்றுக்கும் ஆதாரம் எடுத்து வையுங்கள். மகளுக்கான பணத்தையும் தவணையையும் ஒன்றாக அனுப்பாமல், தனித்தனியாகக் குறிப்பு எழுதி அனுப்புங்கள். தயவுசெய்து ஆலோங் எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரரிடம் மட்டும் போகாதீர்கள். 10,000 வெள்ளியோடு முடிய வேண்டிய கடன் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

தோற்றவர் செலவு கட்டுவது நீதிமன்ற வழக்கம். நீங்கள் நல்ல அப்பா இல்லை என்று அதற்கு அர்த்தமே கிடையாது. அந்த மனவலியில் இன்னும் மேலே உள்ள கூட்டரசு நீதிமன்றத்துக்கும் ஓட நினைக்காதீர்கள். அங்கே மேல்முறையீடு செய்யவே முதலில் அனுமதி வாங்க வேண்டும், செலவும் ஏறும். பின்னாளில் சூழ்நிலை உண்மையாகவே மாறினால், 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 96ஆம் பிரிவின்படி உத்தரவை மாற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்திலேயே கேட்கலாம். அதுவரை சந்திப்பு நாள் ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள்.