பினாங்கு சைகை மொழி என்றால் என்ன? அதை ஏன் பாதுகாக்க வேண்டும்?

மலேசியாவின் பினாங்கில் காதுகேளாத மாணவர்கள் தங்களுக்குள் உருவாக்கிக்கொண்ட மொழி இது. 1954-இல் அங்கே கூட்டரசு காதுகேளாதோர் பள்ளி தொடங்கியபோது, உதட்டசைவைப் பார்த்து வாயால் பேசப் பழக்குவதுதான் பாடமுறை. வகுப்பறைக்கு வெளியே பிள்ளைகள் கையால் பேசிக்கொண்டார்கள். அப்படியே ஒரு மொழி வளர்ந்துவிட்டது. எனக்கு இது பெரிய சாதனையாகவே படுகிறது.

பிறகு அமெரிக்க சைகை மொழியின் தாக்கத்தோடு மலேசிய சைகை மொழி பரவியது. 2008-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அதிகாரப்பூர்வ அங்கீகாரம் தந்தது. பழைய பினாங்கு சைகைகள் இன்று பெரும்பாலும் முதியவர்களிடம்தான் இருக்கின்றன.

காதுகேளாத பிள்ளைகளில் பெரும்பாலோரின் பெற்றோருக்குக் காது கேட்கும். அதனால் இந்த மொழி தாய்மடியில் வருவதில்லை. பள்ளியிலும் மூத்தவர்களிடமும்தான் வரவேண்டும். எழுதிவைத்தாலும் போதாது. புருவம் உயர்வது, தோள் திரும்புவது, கையின் வேகம் எல்லாமே இலக்கணம். பாட்டியின் மீன்கறிப் பக்குவம் மாதிரி, செய்யும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஆகவே முதியவர்கள் தங்கள் பள்ளிக்கதைகளைச் சைகையில் சொல்லச்சொல்லி, முகமும் கையும் தெளிவாகத் தெரியும்படி காணொளி எடுப்பதே நல்ல வழி. செப்டம்பர் 23, அனைத்துலகச் சைகை மொழிகள் நாள், அதற்கு ஏற்ற தருணம்.

பலர் நினைப்பதுபோல் உலகம் முழுவதற்கும் ஒரே சைகை மொழி கிடையாது. மலேசிய சைகை மொழியும் கையால் பேசும் மலாய் அல்ல, அதற்கென்று தனி இலக்கணம் உண்டு.