சந்தாவை நிறுத்தும் முன் பழைய திருத்தங்களைக் காப்பாற்றுங்கள்

கேள்வி: பயணங்களிலும் குடும்ப நிகழ்ச்சிகளிலும் எடுக்கும் படங்களைத் திருத்துவதற்காக, லைட்ரூம் கிளாசிக்கையும் போட்டோஷாப்பையும் ஆறு ஆண்டுகளாக மாதச் சந்தாவில் பயன்படுத்தி வருகிறேன். இது என் தொழில் அல்ல. இலவசமாகவோ, ஒரே முறை பணம் செலுத்தியோ பயன்படுத்தக்கூடிய மென்பொருளுக்கு மாற முடியுமா? எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: தாராளமாக மாறலாம். ஆனால் புதிய மென்பொருளைத் தேடுவதற்கு முன் பழைய படங்களைப் பற்றி யோசியுங்கள். லைட்ரூமில் நீங்கள் செய்த திருத்தங்கள் எதுவும் ரா கோப்புக்குள் (கேமரா பதிவு செய்த, மெருகேற்றப்படாத மூலக் கோப்பு) எழுதப்படுவதில்லை. எந்த அளவுக்கு வெளிச்சம், எந்த நிறத்தில் எவ்வளவு மாற்றம் என்ற கட்டளைகளாக அவை கேட்டலாக் எனப்படும் லைட்ரூமின் பதிவேட்டில் தனியே சேமிக்கப்படுகின்றன. அந்தக் கட்டளைகளை வேறொரு மென்பொருள் அப்படியே நிறைவேற்றாது. எக்ஸ்எம்பி எனப்படும் சிறு துணைக் கோப்புகளாகச் சேமித்தால் நட்சத்திர மதிப்பீடுகளும் குறிச்சொற்களும் பெரும்பாலும் உடன் வரும். நிறமும் ஒளியும் அவ்வாறு வருவதில்லை. ஆகவே உங்களுக்கு முக்கியமான படங்களை, முழு அளவில், 16 பிட் டிஃப் (TIFF) படக் கோப்புகளாக இப்போதே ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். இடம் அதிகம் பிடிக்கும் என்பது உண்மைதான். எனினும் 8 பிட் ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகள் மட்டுமே இருப்பதால், பின்னாளில் மீண்டும் திருத்த முயலும்போது வானம் போன்ற பகுதிகளில் பட்டை பட்டையாகத் தெரியத் தொடங்கிவிடும். சந்தா முடிந்த பிறகும் லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கவும் ஏற்றுமதி செய்யவும் முடியும்; திருத்தங்கள் செய்யும் டெவலப் பகுதிதான் பூட்டப்பட்டுவிடும்.

இனி தேர்வுக்கு வருவோம். நீங்கள் ரா கோப்புகளில் படமெடுப்பவர் என்றால், என் முதல் பரிந்துரை டார்க்டேபிள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும் இந்த இலவச மென்பொருள் படங்களை வகைப்படுத்தவும் செய்கிறது, ரா கோப்பை மெருகேற்றவும் செய்கிறது. ஒவ்வொரு படத்தின் திருத்தங்களையும் அதன் அருகிலேயே ஒரு சிறு கோப்பாக எழுதி வைக்கிறது. பழகுவதுதான் கடினம். லைட்ரூமின் ஸ்லைடர்களை அதே பெயரில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்; அதன் ஒளி கையாளும் முறையே வேறு என்பதால், சில வாரங்கள் பொறுமையாகக் கற்க வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால், ஒரே முறை விலை கொடுத்து வாங்கும் டிஎக்ஸ்ஓ போட்டோலேப் எளிதாக இருக்கும். குறைந்த வெளிச்சத்தில் எடுத்த படங்களின் இரைச்சலை (புள்ளி புள்ளியாகத் தெரியும் குறை) அது நீக்கும் விதம் மிகச் சிறப்பானது. ஆனால் பின்னர் வரும் பெரிய பதிப்புகளுக்குத் தனியே பணம் கட்ட வேண்டும்.

லேயர் (ஒன்றன்மேல் ஒன்றான அடுக்குகள்), மாஸ்க் (திருத்தம் படும் பகுதியை வரையறுக்கும் மறைப்பு) கொண்டு செய்யும் நுணுக்கமான வேலைக்கு அஃபினிட்டியைப் பாருங்கள். முன்பு விலைக்கு விற்கப்பட்ட இது, 2025 அக்டோபர் முதல் இலவசமாகக் கிடைக்கிறது. கேன்வா கணக்கு ஒன்று தேவை, செயற்கை நுண்ணறிவு வசதிகள் மட்டும் கட்டணச் சந்தாவுக்கு உட்பட்டவை. ஆனால் இலவசம் என்ற முடிவு ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்பதை நான் சற்றுக் கவனமாகவே பார்க்கிறேன். அந்தக் கவலை வேண்டாம் என்பவர்களுக்கு, 1990களிலிருந்து தன்னார்வலர்களின் உழைப்பில் வளர்ந்துவரும் ஜிம்ப் இருக்கிறது. 2025 மார்ச்சில் வந்த அதன் 3.0 பதிப்பில், ஒரு ஃபில்டரைப் பயன்படுத்திய பிறகும் அதன் அளவை மாற்றியமைக்கும் வசதி சேர்ந்திருக்கிறது. ரா கோப்புகளைத் திறக்க அது டார்க்டேபிள் போன்ற மென்பொருளின் துணையை நாடும் என்பதால், இரண்டையும் சேர்த்து நிறுவுவதே நல்லது. போட்டோஷாப்பில் சேமித்த பழைய பிஎஸ்டி கோப்புகள் அஃபினிட்டி, ஜிம்ப் இரண்டிலும் திறக்கும். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் (மூலப் படத்தை மாற்றாமல் உள்ளே பொதிந்து வைக்கும் லேயர்) போன்றவை மட்டும் சிதையக்கூடும்.

போட்டோஷாப்பின் எளிய வடிவமான போட்டோஷாப் எலிமெண்ட்ஸுக்கு ஒரே முறை பணம் கட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 2025 பதிப்பிலிருந்து அதன் உரிமம் மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும்.

சந்தாவை உடனே நிறுத்திவிடாதீர்கள். இருண்ட அறை, வெளுத்துப்போன வானம், நெருக்கமான முகம் என உங்களுடைய படங்களிலேயே இருபதைத் தேர்ந்தெடுத்து, புதிய மென்பொருளில் முதலிலிருந்து திருத்திப் பழைய முடிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆண்டு ஒப்பந்தத்தை மாதத் தவணையாகச் செலுத்துபவர் என்றால், இடையில் விலகுவதற்குக் கட்டணம் உண்டு. புதுப்பிக்கும் தேதியைப் பார்த்து, அதற்கு முன் இந்தச் சோதனையை முடித்துக்கொள்ளுங்கள்.