கேள்வி–பதில்: கொதியில் குடியிருப்பவை

கேள்வி: ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) சோதனைக் குப்பியில் ‘ஜியோபாசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ்’ என்று போட்டிருக்கிறதே, இந்தப் பெயருக்கு என்ன பொருள்? குப்பி ஊதாவாகவே இருந்தால் கருவி சரியாக இருக்கிறது என்று நம்பலாமா?

பதில்: இது குப்பிக்குள் வித்துகளாக, அதாவது வெப்பம் தாங்கும் உறங்குநிலையில், இருக்கும் பாக்டீரியாவின் பெயர். கிரேக்கத்தில் ‘தெர்மே’ வெப்பம், ‘ஃபிலோஸ்’ விரும்புவது. முன்னொட்டான ‘ஸ்டீர்’ கொழுப்பைக் குறிக்கும். அது இங்கே அவ்வளவு முக்கியமில்லை. வெப்ப விரும்பிகள் என்பதே தமிழில் பொருத்தமான பெயர். 2001 வரை இந்தப் பாக்டீரியா பாசில்லஸ் பேரினத்தில் இருந்தது.

ஊதா நிறத்தை மட்டும் வைத்து நம்பாதீர்கள். 121 டிகிரியில் 15 நிமிடம் வைத்த பிறகு, குப்பியை 55 முதல் 60 டிகிரி இன்குபேட்டரில் 24 முதல் 48 மணி நேரம் வைக்க வேண்டும். வித்துகள் பிழைத்திருந்தால் வளர்ந்து அமிலம் சுரக்கும், ஊதா மஞ்சளாகும். பலர் வழக்கமான 37 டிகிரி இன்குபேட்டரிலேயே வைத்துவிடுகிறார்கள். அந்தச் சூட்டில் இவை அநேகமாக வளராது, நிறமும் மாறாது. தேறாத கருவியும் தேறியதாகத் தெரியும்!

ஆகவே அதே பேட்சில், ஆட்டோகிளேவில் வைக்காத குப்பி ஒன்றையும் உடன் வையுங்கள். அது மஞ்சளானால்தான் சோதனை செல்லும். சோதனைக் குப்பியும் மஞ்சளானால், முதலில் சந்தேகிக்க வேண்டியது ஆட்டோகிளேவுக்குள் தங்கி நீராவியைத் தடுக்கும் காற்றை. காற்று வெளியேறும் வடிகாலுக்கு அருகே குப்பியை வைப்பது அதனால்தான்.