இயந்திரம் வந்தால் வங்கிக்கு மிச்சமா?

கேள்வி: பணம் எடுக்க, போட, பாஸ்புக் பதிய எல்லாவற்றுக்கும் இயந்திரம் வந்துவிட்டது. வங்கிக்கு உண்மையிலேயே செலவு குறைகிறதா?

பதில்: ஒரு பரிவர்த்தனையைத் தனியாகப் பார்த்தால் குறைகிறது. மொத்தக் கணக்குதான் வேறு மாதிரி.

நான் காசாளராக இருந்தபோது ஏடிஎம்மில் பணம் நிரப்புவதும் என் வேலை. இரண்டு பேர் சேர்ந்துதான் திறக்க வேண்டும். கேசட்டில் (இயந்திரத்துக்குள் நோட்டு வைக்கும் பெட்டி) அடுக்கும் முன் மடங்கிய நோட்டு, ஒட்டுப்போட்ட நோட்டு எல்லாவற்றையும் பொறுக்கி எடுப்போம். ஒன்று தப்பினாலும் உள்ளே சிக்கிக்கொள்ளும். வாடிக்கையாளர் கணக்கில் கழிந்திருக்கும், கைக்குப் பணம் வந்திருக்காது. அந்த ஒரு புகாருக்காக இயந்திரத்தின் பதிவையும் மிச்சமிருக்கும் நோட்டையும் ஒப்பிட்டு உட்கார்ந்தால் அரை நாள் போய்விடும். 'ஒரு பரிவர்த்தனைக்கு இவ்வளவு' என்று சொல்பவர்கள் இந்த அரை நாளைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை.

அப்புறம், எடுப்பது சுலபமானதும் மக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி எடுப்பார்கள். எண்ணிக்கை கூடும்.

முதல் ஏடிஎம் 1967-இல் லண்டன் என்ஃபீல்டில் வந்தது. அமெரிக்க நகரங்களில் 1988-க்கும் 2004-க்கும் இடையே ஒரு கிளைக்குச் சுமார் 20 காசாளர்கள் என்பது 13 ஆனது. ஆனால் கிளை நடத்துவது மலிவானதால் வங்கிகள் 40 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகக் கிளைகளைத் திறந்தன. மிச்சமான பணத்தில் ஒரு பங்கு அங்கே போனது.

எனக்கு உறுத்துவது வேறு. கண் தெரியாத முதியவர் இயந்திரத்தில் ரகசிய எண்ணை மூன்று முறை தவறாக அழுத்திவிட்டு, கார்டு முடங்கி, கவுன்ட்டருக்கே வருவார். அப்போது ஒரே வேலைக்கு வங்கி இரண்டு முறை செலவழிக்கிறது.