தடங்கள் துண்டுபடுவதற்கான காரணம்

வணக்கம். கொடைக்கானலில் இரண்டு மணி நேரம் எடுத்த 30 விநாடிப் படங்களை மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோது, நட்சத்திரத் தடங்கள் (வானம் நகர்வதால் நட்சத்திரங்கள் வரையும் கோடுகள்) தொடர்கோடாக வராமல் துண்டுபட்டதாகவும், துண்டும் இடைவெளியும் ஏறக்குறைய ஒரே நீளம் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தச் சம நீளமே முக்கியமான தடயம். நீண்ட எக்ஸ்போஷருக்கான (ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்கும் படங்களுக்கான) இரைச்சல் குறைப்பு, அதாவது படத்தில் தோன்றும் தேவையற்ற புள்ளிகளை நீக்கும் வசதி, இயங்கினால், கேமரா ஒவ்வொரு படத்துக்கும் பிறகு ஷட்டரை மூடியபடி அதே அளவு நேரம் ஓர் இருட்டுப் படம் எடுக்கும். அந்த அரை நிமிடத்தில் வானம் எட்டில் ஒரு பாகை நகர்ந்துவிடும். அந்த இரைச்சல் குறைப்பை அணைத்துவிட்டு, இறுதியில் லென்ஸை மூடிச் சில இருட்டுப் படங்களை எடுத்து மென்பொருளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அது ஏற்கெனவே அணைந்திருந்தால் குறித்த இடைவெளியில் தானாகப் படம் எடுக்கவைக்கும் இன்டர்வல் டைமரைப் பாருங்கள். பல கேமராக்களில் 30 விநாடி என்பது உண்மையில் 32 விநாடி என்பதால், டைமரை 31 விநாடிக்கு ஒரு படம் என்று அமைத்தால் ஒன்றுவிட்டு ஒரு படம் தவறும். தொடர் படப்பிடிப்பு முறையில் வைத்து, ரிமோட் கேபிளின் பொத்தானைப் பூட்டிவிடுவதையே நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன்.

இவ்வளவு பெரிய இடைவெளியை படங்களை அடுக்கும் மென்பொருளான ஸ்டார்ஸ்டாக்ஸின் இடைவெளி நிரப்பும் வசதி இயல்பாக மூடாது. ஆனால் அந்தப் படங்களை அழித்துவிடாதீர்கள், அவற்றைக் கொண்டு நல்ல டைம்லாப்ஸ் காணொளி செய்யலாம்.