காரணமா, சாக்கா?

கேள்வி: இங்கிலாந்தின் கிழக்கு மிட்லாண்ட்ஸ் பகுதியில் ஒரு வேர்ஹவுஸில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். என் ஷிஃப்டில் பக்கத்தில் நிற்பவருக்கு 58 வயது. அவருடைய அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. சுரங்கங்களை மூடுவதை எதிர்த்து நடந்த 1984 வேலைநிறுத்தத்தில் ஒரு வருடம் சம்பளமில்லாமல் நின்றவர். தலைமுறை தலைமுறையாகத் தொழிற்கட்சிக்கு (லேபர்) ஓட்டுப் போட்ட குடும்பம் அது. இப்போது இவர், குடியேற்றத்தை எதிர்க்கும் ரிஃபார்ம் கட்சி. பிரேக் நேரத்தில், ‘வெளியிலிருந்து வந்தவர்கள்தான் எல்லாவற்றையும் கெடுத்தார்கள்’ என்பார். என் முகம் மாறினால், ‘உன்னைச் சொல்லவில்லை’ என்பார். போன குளிர்காலத்தில் என் கார் பனியில் சிக்கியபோது இறங்கித் தள்ளிவிட்டவரும் அவர்தான். பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள், ‘அப்பா, இதெல்லாம் நவதாராளமயத்தின் விளைவு, அவரைக் குறை சொல்லாதீங்க’ என்கிறாள். அது காரணமா, சாக்கா? அவரிடம் நான் என்ன பேசுவது?

பதில்: உங்கள் மகள் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியோடுதான் நீங்கள் தினமும் ஷிஃப்ட் பார்க்கிறீர்கள்.

சரியான பாதியிலிருந்து தொடங்குகிறேன். நவதாராளமயம், அதாவது அரசின் பங்கையும் சங்கத்தின் பலத்தையும் குறைத்து எல்லாவற்றையும் சந்தையிடம் விடும் கொள்கை; அந்தச் சொல்லை எதற்கெடுத்தாலும் போட்டுப் போட்டு அதன் கூர் மழுங்கிவிட்டது. ஓர் ஊரை எடுத்து, வருடக் கணக்கோடு பார்த்தால்தான் அது செய்த வேலை தெரியும். உங்கள் பக்கத்திலேயே, டார்பிஷயரில் ஷயர்புரூக் இருக்கிறது. நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

அது சுரங்கத்துக்காகவே வளர்ந்த ஊர். 1984-85 வேலைநிறுத்தம் தோற்றது. அத்தோடு முடியவில்லை. 1992 அக்டோபரில் அரசு 31 சுரங்கங்களை மூடப்போவதாக ஒரே நாளில் அறிவித்தது; 30,000 வேலைகள். வேலைநிறுத்தத்தில் நின்றவன், அதை மீறி உள்ளே போய் வேலை செய்தவன் என்று பத்து வருடம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருந்தார்கள் அல்லவா, இரண்டு பேர் வேலையும் சேர்ந்தே போயிற்று. ஷயர்புரூக் சுரங்கம் 1993-ல் மூடியது. பிறகு அதே சுரங்க நிலத்தில் ஒரு பெரிய வேர்ஹவுஸ் எழுந்தது.

அந்த வேர்ஹவுஸைப் பற்றி 2016-ல் நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரித்தது. அப்போது அங்கே 3,000-க்கும் மேற்பட்டவர்கள் ஏஜென்சி தொழிலாளர்கள், அதாவது ஆள் அனுப்பும் நிறுவனம் வழியாக வந்தவர்கள், பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பியர்கள். நிறுவனத்தின் நேரடி ஊழியர்கள் சுமார் 200 பேர். கழிப்பறையில் கொஞ்சம் அதிக நேரம் இருந்தால் ஒரு கரும்புள்ளி, பேசிக்கொண்டிருந்தால் ஒரு கரும்புள்ளி. ஆறு சேர்ந்தால் வேலை போய்விடும். ஷிஃப்ட் முடிந்து சோதனைக்காக வரிசையில் நிற்கும் நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிகூடத் தேறவில்லை. விக்டோரியா காலத்து ஏழைகள் உழைப்பு விடுதி போல இருக்கிறது என்று அந்தக் குழு எழுதியது.

இப்போது உங்கள் நண்பரின் இடத்தில் நின்று இதைப் பாருங்கள். அப்பா காலத்தில் அதே நிலத்தில் சங்கம் பேசி வாங்கிய கூலி இருந்தது, சங்கத்தின் மன்றம் இருந்தது, மகனுக்கும் அங்கேயே வேலை கிடைக்கும் என்ற நிச்சயம் இருந்தது. பிறகு அங்கே போலிஷ் பேசும் இளைஞர்கள் வந்து இறங்கினார்கள், கூலி அடிமட்டத்தில் இருந்தது. இரண்டையும் அவர் கண்ணால் பார்த்தார். ஏஜென்சி முறையை அனுமதித்த சட்டத்தை அவர் பார்க்கவில்லை. வேலைநிறுத்த உரிமையை 80-களில் படிப்படியாகக் குறுக்கிய சட்டங்களும் கண்ணில் படுவதில்லை. சட்டம் தெருவில் நடந்து போவதில்லை, புதிதாக வந்தவர் நடந்து போகிறார்.

வீட்டு விஷயம் இதைவிட மோசம். 1980-ல் பிரதமர் தாட்சரின் கன்சர்வேட்டிவ் அரசு, உள்ளூராட்சி வாடகை வீடுகளில் குடியிருப்பவர்கள் அவற்றைத் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று சட்டம் கொண்டுவந்தது. வாங்கியவர்களுக்கு அது நல்ல காலம்தான், அதை மறுக்கக் கூடாது. சுரங்கத் தொழிலாளர்களும் மகிழ்ச்சியாகத்தான் வாங்கினார்கள். ஆனால் விற்ற பணத்தில் புது வீடு கட்ட உள்ளூராட்சிகளுக்குப் பெருமளவு தடை இருந்தது. சுமார் 20 லட்சம் வீடுகள் இப்படிக் கைமாறின. முப்பது வருடம் கழித்து, வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியலில் தன் மகள் பெயர் நகரவே இல்லை என்று ஒருவர் கொதிக்கிறார். ‘வீடெல்லாம் அவர்களுக்குப் போகிறது’ என்கிறார். வீடுகளில் பெரும்பகுதி போனது அவருடைய சொந்த மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும், அவர்கள் விற்றபின் வாடகைக்கு விடும் முதலாளிகளுக்கும். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது.

ஆனாலும் வேலை போனதாலும் வீடு கிடைக்காததாலும் மட்டுமே ஒருவர் ரிஃபார்ம் பக்கம் வந்துவிடுவதில்லை. அந்தச் சமயத்தில் அவருடைய சொந்தக் கட்சி என்ன சொன்னது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘வேறு வழியில்லை’ என்பது தாட்சரின் பேச்சு. தொழிற்கட்சியின் பிளேர் 1997-ல் பிரதமராக வந்தபோது குறைந்தபட்சக் கூலியைக் கொண்டுவந்தார், மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் பணம் கொடுத்தார்; அது சின்ன விஷயமில்லை. ஆனால் தாட்சர் காலத்துத் தொழிற்சங்கச் சட்டங்களில் பெரும்பாலானவற்றை அப்படியே விட்டார். உலகமயமாக்கல் பருவகாலம் மாதிரி, அதோடு வாதாடிப் பயனில்லை என்றார். 2004 மே மாதம் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் மூன்றும் உடனே வேலைச் சந்தையைத் திறந்துவிட்டன. ஜெர்மனி 2011 வரை காத்திருந்தது. பிரிட்டிஷ் அரசுக்காகச் செய்யப்பட்ட கணிப்பு வருடத்துக்கு 5,000 முதல் 13,000 பேர் வரலாம் என்றது. வந்தவர்கள் அதைப் போலப் பல மடங்கு. வந்தவர்கள் மேல் தவறில்லை, திறந்ததும்கூட என் பார்வையில் தவறில்லை. ஏஜென்சிகளைக் கட்டுப்படுத்தாமல், கூலிச் சட்டத்தைக் கண்காணிக்க ஆள் போடாமல், வீடு கட்டாமல் திறந்ததுதான் தவறு.

2010-க்குப் பிறகு வந்தது சிக்கன நடவடிக்கை. வங்கிகள் 2008-ல் விழுந்ததற்கு நூலகங்களும் இளைஞர் மையங்களும் உதவித்தொகைகளும் விலை கொடுத்தன. வார்விக் பல்கலைக்கழகப் பொருளியலாளர் தீமோ ஃபெட்சர் 2019-ல் வெளியிட்ட ஆய்வில் மாவட்டம் மாவட்டமாகக் கணக்குப் பார்த்தார். நலத்திட்ட வெட்டு பலமாக விழுந்த இடங்களில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறச் சொன்ன யூகிப் கட்சியின் ஆதரவு ஏறியிருந்தது. வெட்டு இல்லாதிருந்தால், ஒன்றியத்தில் இருப்பதா வெளியேறுவதா என்ற 2016 வாக்கெடுப்பின் முடிவே மாறியிருக்கக்கூடும் என்பது அவர் கணிப்பு. ஷயர்புரூக் அடங்கிய போல்சோவர் மாவட்டத்தில் பத்துக்கு ஏழு பேர் வெளியேறவே வாக்களித்தார்கள். 2019-ல், முன்னாள் சுரங்கத் தொழிலாளியான டென்னிஸ் ஸ்கின்னர் 1970 முதல் வைத்திருந்த போல்சோவர் தொகுதி கன்சர்வேட்டிவ் கட்சிக்குப் போனது. 2024-ல் தொழிற்கட்சி திரும்பப் பிடித்தது. அடுத்த வருடமே டார்பிஷயர் கவுண்டி மன்றம் ரிஃபார்ம் கைக்குப் போனது. கட்சிகளுக்கு இங்கே யாரும் நிரந்தரக் குத்தகை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரான்சிலும் கதை தூரமில்லை. சோஷலிஸ்டான மித்தரான் 1981-ல் ஜெயித்தார், 1983-ல் சிக்கனத்துக்குத் திரும்பினார். 1984 ஐரோப்பியத் தேர்தலில் தீவிர வலதுசாரியான லெ பென்னின் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் ஆளுக்குச் சுமார் 11 சதவீதம் வாங்கிச் சமமாக நின்றன. ஆனால் பழைய கம்யூனிஸ்ட் தொழிலாளி எழுந்து நேராக லெ பென்னிடம் போனார் என்று நினைத்துவிடாதீர்கள். பலர் ஓட்டுப் போடுவதையே நிறுத்தினார்கள். போனது பெரும்பாலும் அடுத்த தலைமுறை. உங்கள் நண்பரும் ஒரு வேலைநிறுத்தக்காரரின் மகன், வேலைநிறுத்தக்காரர் அல்ல. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

சரி, மகள் தவறும் பாதிக்கு வருவோம். அவளிடம் ஸ்காட்லாந்தைப் பற்றிக் கேளுங்கள். அங்கேயும் சுரங்கம் போனது, கப்பல் கட்டும் தளங்கள் போயின, 1992-ல் ரேவன்ஸ்க்ரெய்க் இரும்பாலை மூடியது. அதே தாட்சர், அதே பிளேர், அதே சிக்கனம். தொழிற்கட்சியை அங்கேயும் தொழிலாளர்கள் கைவிட்டார்கள். 2015-ல் ஸ்காட்லாந்தின் 59 இடங்களில் 56-ஐ ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி அள்ளியது. ஆனால் 2016-ல் ஸ்காட்லாந்து 62 சதவீதம் ஐரோப்பாவோடு இருக்கவே வாக்களித்தது, கிளாஸ்கோ அதைவிட அதிகமாக. அதே அடி, ஆனால் அங்கே கோபத்துக்குக் கிடைத்த எதிரி லண்டன் அரசு. இங்கே கிடைத்தது பக்கத்துத் தெருக்காரர். உங்கள் வேர்ஹவுஸுக்குள்ளேயே பாருங்கள்: ருமேனியர், நீங்கள், கறுப்பினத்தவர் என்று எல்லோரும் அதே கூலியில், அதே ஏஜென்சியில் நிற்கிறீர்கள். ஒரே பொருளாதாரம் எல்லோரையும் ஒரே பெட்டியில் ஓட்டுப் போடவைப்பதில்லை.

ஆகவே என் பதில் இது: கோபத்துக்குக் காரணம் பெருமளவு பொருளாதாரம்தான். அந்தக் கோபம் யார் மேல் திரும்பியது என்பதற்குப் பொருளாதாரத்தைக் காரணம் சொன்னால் அது சாக்கு. அதை யாரோ பல வருடம் உட்கார்ந்து, பத்திரிகையிலும் மேடையிலும் செய்தார்கள். கேட்டுத் தலையாட்டியவருக்கும் அதில் பங்கு உண்டு. 2024 ஆகஸ்டில் ராதரம் அருகே மேன்வர்ஸில், தஞ்சம் கேட்டு வந்தவர்கள் தங்கியிருந்த ஹோட்டலைக் கும்பல் தாக்கித் தீ வைக்க முயன்றது. அந்த இடமும் பழைய சுரங்க நிலம்தான். அதற்காக உள்ளே இருந்தவர்களிடம் போய், ‘இவர்களுக்கு 1988-ல் சுரங்கம் மூடியது தெரியுமா’ என்று சொல்ல முடியாது. உங்கள் மகளிடம் இதை மென்மையாகச் சொல்லுங்கள். அவள் உங்களை விடப் பெரிய மனது காட்டுவதாக நினைக்கிறாள், அந்த மனதுக்கான செலவு உங்கள் கணக்கில் போகிறது.

அப்புறம் நண்பர். முதலில், ‘உன்னைச் சொல்லவில்லை’ என்றால் சிரித்துத் தலையாட்டுவதை நிறுத்துங்கள். ‘அப்படியானால் யாரை? மூன்றாவது லைனில் இருப்பவரையா? அவர் பெயர் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். பெயர் சொல்ல வராது. கோபமாகக் கேட்க வேண்டாம், ஆனால் கேளுங்கள்.

புள்ளிவிவரத்தோடு போகாதீர்கள். ‘குடியேறிகள் இவ்வளவு வரி கட்டுகிறார்கள்’ என்று நீங்கள் சொல்ல, அவர் இன்னொரு எண்ணைச் சொல்ல, பிரேக் முடிந்துவிடும். அதற்குப் பதில் அவருடைய அப்பாவைப் பற்றிக் கேளுங்கள். அந்த வருடம் வீட்டில் எப்படிச் சமாளித்தார்கள், யார் உதவினார்கள், அப்பா யார் மேல் கோபமாக இருந்தார் என்று கேளுங்கள். 84-ல் அந்த வீட்டில் எதிரி யார் என்பதில் குழப்பமே இருந்திருக்காது. அதை அவர் வாயால் சொல்லட்டும், நீங்கள் முடிவுரை எழுத வேண்டாம்.

இன்னொன்று, ரிஃபார்மைத் தீவிர வலதுசாரி என்று அவரிடம் திட்டாதீர்கள். அந்தக் கட்சி அந்தப் பெயரை ஏற்பதில்லை, அவரும் ஏற்க மாட்டார், பேச்சு பெயரிலேயே நின்றுவிடும். அது என்ன செய்தது என்று கேளுங்கள். இத்தனை மணி நேர வேலை என்று உறுதி தராமல் வேலை வாங்குவதைக் கட்டுப்படுத்தும் தொழிலாளர் உரிமை மசோதா வாக்கெடுப்புக்கு வந்தபோது ரிஃபார்ம் எம்பிக்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். 2024 தேர்தல் அறிக்கையில் நிறுவன வரியை 25 சதவீதத்திலிருந்து 20-க்கும், பிறகு 15-க்கும் குறைப்பதாகச் சொன்னார்கள். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் மூடிய தொழிற்சாலைகளைக் காட்டி ஓட்டு வாங்கிய டிரம்ப், 2017-ல் நிறுவன வரியை 35-லிருந்து 21-ஆக இறக்கினார். வந்தவர்களைத் திட்டிய வாய்தான் பழைய கடையையே புதுப் பலகையோடு நடத்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: பிரிட்டிஷ் ஸ்டீலைத் தேசியமயமாக்க வேண்டும் என்று ரிஃபார்ம் தலைவர் ஃபராஜ் கேட்டார். உங்கள் நண்பர் அதைச் சொன்னால் மறுக்காதீர்கள்.

இவை எதுவும் அவர் ஓட்டை மாற்றும் என்று நான் உறுதி தர மாட்டேன். ஷயர்புரூக்கில் சம்பளப் பாக்கி, சுமார் 10 லட்சம் பவுண்டு, தொழிலாளர்களுக்குத் திரும்பி வந்ததற்குப் பத்திரிகை விசாரணையும் யுனைட் தொழிற்சங்கத்தின் பிரசாரமும் காரணம். பாக்கி போலிஷ்காரர்களுக்கும் வந்தது, உள்ளூர்க்காரர்களுக்கும் வந்தது. உங்கள் இடத்தில் சங்கம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அடுத்த கூட்டத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பனியில் காரைத் தள்ளியவர், கூப்பிட்டால் வருவார் என்றுதான் நினைக்கிறேன். கூட்டத்திலும் அவர் அந்தப் பேச்சையே ஆரம்பித்தால், எழுந்து வேறு நாற்காலிக்குப் போக உங்களுக்கு முழு உரிமை உண்டு.